இரண்டாம் தரப்பின் பெயர்: ப்ரெஸ்பா உடன்படிக்கைக்கு ஓர் உரை

கிரேக்கத்தின் வடமேற்கு மூலையில் பெரிய ப்ரெஸ்பா என்றொரு ஏரி இருக்கிறது. கிரேக்கம், அல்பேனியா, இன்று வடக்கு மாசிடோனியா எனப்படும் நாடு ஆகிய மூன்றுக்கும் அதில் பங்கு உண்டு. கிரேக்கக் கரையில் ப்சாராதெஸ் என்று ஒரு சிற்றூர். கிரேக்க மொழியில் அதற்கு ‘மீனவர்கள்’ என்று பொருள். ஊரின் பழைய பெயர் நிவிட்சி. அது ஸ்லாவியப் பெயர். ஒரு நாட்டின் பெயரைப் பற்றி 27 ஆண்டுகளாக நீண்ட வழக்கை முடிக்க, 2018 ஜூன் 17 அன்று இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் வந்து உட்கார்ந்தது பெயர் மாறிய இந்த ஊரில்தான்.

அன்று கையெழுத்தானதுதான் ப்ரெஸ்பா உடன்படிக்கை. 20 பிரிவுகள் கொண்டது. செய்திகளில் அது ஒற்றை வரியாகச் சுருங்கிப் போனது: மாசிடோனியா இனி வடக்கு மாசிடோனியா. பிரிவு பிரிவாகப் படித்தவர்களுக்கு அந்த ‘வடக்கு’ என்ற சொல் வெறும் வாசற்படி என்பது தெரியும். என் வாசிப்பில் அதன் உயிர்நிலை 7-ஆம் பிரிவு. அதன் காயமும் அங்கேதான் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்காகவே முன்னுள்ள பிரிவுகளையும் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் மூலத்தின் கருத்தை முதலில் தந்து, பிறகு உரையைச் சொல்கிறேன்.

தலைப்பும் தரப்புகளும்

*ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1993-ஆம் ஆண்டுத் தீர்மானங்கள் 817, 845 ஆகியவை குறிப்பிடும் வேறுபாடுகளைத் தீர்க்கவும், 1995-ஆம் ஆண்டு இடைக்கால உடன்பாட்டை முடித்து வைக்கவும் செய்துகொண்ட இறுதி உடன்படிக்கை. முதல் தரப்பு, ஹெலனியக் குடியரசு. இரண்டாம் தரப்பு, 1993 ஏப்ரல் 8-இல் பொதுச்சபைத் தீர்மானம் 47/225-இன்படி ஐ.நா.வில் சேர்க்கப்பட்ட நாடு.*

முதல் தரப்பான கிரேக்கத்துக்குப் பெயர் இருக்கிறது. இரண்டாம் தரப்புக்குத் தேதியும் தீர்மான எண்ணும்தான் இருக்கின்றன. பெயரைத் தீர்க்க எழுதிய ஆவணம் அந்தப் பெயரைச் சொல்லாமலே தொடங்குகிறது. எழுதியவர்களுக்கு வேறு வழி இல்லை. ‘மாசிடோனியக் குடியரசு’ என்று தொடங்கினால் கிரேக்கம் கையெழுத்திடாது. வேறு பெயரைப் போட்டால் எதிர்த்தரப்பு நாற்காலியை விட்டு எழுந்துவிடும்.

இந்த நிலை எப்படி வந்தது? 1991 செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்தி யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த குடியரசு, அந்தக் கூட்டாட்சிக்குள் தான் வைத்திருந்த மாசிடோனியா என்ற பெயரையே தொடர்ந்து வைத்துக்கொண்டது. கிரேக்கத்தின் வடபகுதிக்கும் அதே பெயர்தான். தெசலோனிக்கி நகரம் அதில் இருக்கிறது. பெயரை எடுத்துக்கொண்டவர்கள் நாளை நிலத்தையும் கேட்பார்கள் என்று ஏதென்ஸ் அஞ்சியது. ஐ.நா.வில் சேர்வதற்காக ‘முன்னாள் யூகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு’ என்ற தற்காலிகக் குறிப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அவையில் நாடுகள் ஆங்கில அகரவரிசையில் அமர்கின்றன. ‘எம்’ எழுத்தில் உட்கார வைக்கக் கிரேக்கம் ஒப்பவில்லை. ‘முன்னாள்’ என்பதற்குரிய ‘எஃப்’ எழுத்தில் உட்கார அந்த நாடு ஒப்பவில்லை. ‘முன்னாள்’ என்பது வெறும் அடைமொழி, பெயரின் பகுதி ஆகாது என்றது. கடைசியில் ஆங்கிலச் சுட்டிடைச்சொல்லின் முதலெழுத்தான ‘டி’யில், தாய்லாந்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஒரு நாட்டின் பிரதிநிதி கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஓர் இடைச்சொல்லின் பலத்தில் அவையில் உட்கார்ந்திருந்தார். ‘இரண்டாம் தரப்பு’ என்று படிக்கும்போது எனக்கு அந்த நாற்காலிதான் கண்முன் வருகிறது.

1-ஆம் பிரிவு: பெயர்

*இரண்டாம் தரப்பின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘வடக்கு மாசிடோனியா குடியரசு’. அதுவே அதன் அரசமைப்புச் சட்டப் பெயர். எல்லோரிடத்தும் அதுவே வழங்கும். சுருக்கப் பெயர் ‘வடக்கு மாசிடோனியா’.*

இதில் மிகவும் கனமான சொல் ‘எல்லோரிடத்தும்’. மூலத்தில் ‘எர்கா ஓம்னெஸ்’ என்ற லத்தீன் தொடர் இருக்கிறது. சட்டத்தில் அது உலகம் முழுவதையும் கட்டுவது என்று பொருள்படும். ‘அரசமைப்புச் சட்டப் பெயர்’ என்ற தொடரோடு சேர்த்துப் படித்தால் அந்த உலகத்துக்குள் சொந்த வீடும் அடக்கம் என்பது விளங்கும்.

பல ஆண்டுகளாக அந்த நாட்டின் தலைநகரான ஸ்கோப்யே கேட்டுவந்தது இரட்டை வழி: வெளியே ஒரு பெயர், உள்ளே எங்கள் பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதற்குள் ‘மாசிடோனியக் குடியரசு’ என்றே அங்கீகரித்திருந்தன. அமெரிக்கா 2004-இல் செய்தது. அத்தனை பேர் ஏற்ற பெயரை ஒரு நாடு ஏற்காததால் முழுவதும் மாற்ற வேண்டுமா என்பது அங்கிருந்தவர்களின் நியாயமான கேள்வி. கிரேக்கத்தின் பதில்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று விட்டால் உள்ளே இருப்பதே நாளடைவில் வெளியேயும் வந்துவிடும். கிரேக்கத்தின் கையில் பூட்டுச்சாவி இருந்தது. 2008 ஏப்ரலில் புக்காரெஸ்ட் மாநாட்டில் நேட்டோ அழைப்பை அது தடுத்தது. அப்படித் தடுத்தது 1995 உடன்பாட்டை மீறிய செயல் என்று சர்வதேச நீதிமன்றம் 2011 டிசம்பர் 5 அன்று, 15 நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் கதவு திறக்கவில்லை. வழக்கில் வென்றும் பலன் கைக்கு எட்டாத நாடு வேறு விலை கொடுக்க நேர்ந்தது. அந்த விலைதான் இந்த ஒரு சொல்.

‘வடக்கு’ என்பதற்கு முன் வேறு அடைகளும் பேசப்பட்டன. ‘மேல் மாசிடோனியா’ ஒன்று. 2018 மே மாதத்தில் மாசிடோனியப் பிரதமர் ஸோரான் ஸாயெவ் ‘இலிண்டென் மாசிடோனியா’ என்ற பெயரை முன்வைத்தார். 1903-இல் துருக்கிய ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின் நினைவுப் பெயர் அது. கிரேக்கத்தில் ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் சேர்ந்தே அதை மறுத்தன. திசைப்பெயருக்கு வரலாற்றுச் சுமை இல்லை. அதனால்தான் அது நிலைத்தது என்று நினைக்கிறேன்.

*குடியுரிமை: ‘மாசிடோனியர் / வடக்கு மாசிடோனியா குடியரசின் குடிமகன்’. பயண ஆவணங்கள் அனைத்திலும் இப்படியே பதியப்படும்.*

இந்த வரியைத் தமிழில் எழுதப் புகுந்தால் முதல் சொல்லிலேயே கை நின்றுவிடுகிறது. மூலத்திலுள்ள ஆங்கிலச் சொல் இரண்டு பொருளில் வழங்குவது: ஒரு நாட்டின் குடியாக இருத்தல், ஒரு தேசிய இனத்தவராக இருத்தல். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. ‘குடியுரிமை’ என்று எழுதினால் கிரேக்கர் வாசித்த பொருள் வரும். ‘தேசிய இனம்’ என்று எழுதினால் மாசிடோனியர் தம் மனத்தில் வாசித்த பொருள் வரும். நான் ‘குடியுரிமை’ என்றே எழுதியிருக்கிறேன். உடன்படிக்கை ஒப்புதலுக்குப் போன வேளையில் ஸ்கோப்யே ஏதென்ஸுக்கு அனுப்பிய குறிப்பும் அந்தப் பொருளையே உறுதி செய்தது.

ஆனால் வரியின் நடுவில் இருக்கும் சாய்கோட்டை விட்டுவிடக் கூடாது. கோட்டின் இடப்பக்கம் ‘மாசிடோனியர்’ என்ற ஒற்றைச் சொல், ‘வடக்கு’ இல்லாமல் முழுதாக நிற்கிறது. அது பெரும்பான்மை மக்களுக்குக் கிடைத்தது. வலப்பக்கத்தில் இருப்பது வெறும் குடிமகன். அந்த நாட்டு மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் அல்பேனியர். ‘மாசிடோனியர்’ என்ற சொல்லில் தம்மைக் காணாதவர்கள். கோட்டின் வலப்பக்கம் அவர்களும் நிற்கலாம். கிரேக்கமும் அந்தப் பக்கத்தைக் காட்டி நிம்மதி அடையலாம். கடவுச்சீட்டில் அரை அங்குலம்கூட இல்லாத ஒரு கோடு மூன்று தரப்பைத் தாங்குகிறது. பேரம் பேசியவர்களின் கைத்திறன் இந்த இடத்தில் தெரிகிறது.

*மொழி: ‘மாசிடோனிய மொழி’, 1977-இல் ஏதென்ஸில் நடந்த புவிப்பெயர்த் தரப்படுத்தல் பற்றிய மூன்றாவது ஐ.நா. மாநாடு ஏற்றபடி.*

மொழிக்கு ‘வடக்கு’ சேரவில்லை. இதுதான் கிரேக்கத் தெருக்களில் மிகுந்த கோபத்தைக் கிளப்பிய வரி. எழுதியவர்கள் அந்தக் கோபத்தை எதிர்பார்த்தே 1977-ஐயும் ஏதென்ஸையும் வரிக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த மாநாட்டில் யூகோஸ்லாவியாவின் சிரிலிக் எழுத்துகளை ரோமன் எழுத்தில் பெயர்ப்பதற்கான அட்டவணைகள் பரிந்துரைக்கப்பட்டன. மாசிடோனிய மொழியின் எழுத்துகளுக்கும் அதில் ஓர் அட்டவணை. நிலப்படங்களில் ஊர்ப்பெயர் எழுதுவோருக்காகச் செய்த அந்தச் சிறு வேலை, 41 ஆண்டுகள் கழித்து ஒரு மொழிப் பெயரின் சாட்சியாக எழுந்து வந்தது.

*வண்டி எண் பலகையில் ‘என்எம்’ அல்லது ‘என்எம்கே’. மற்ற எல்லாவற்றுக்கும் ‘எம்கே’, ‘எம்கேடி’ குறியீடுகள் அப்படியே நீடிக்கும்.*

சின்ன விதி. ஆனால் எல்லையைக் கடந்தவர்களுக்குச் சின்னதல்ல. முன்பெல்லாம் ‘எம்கே’ என்ற எழுத்தோடு வரும் வண்டிகளுக்குக் கிரேக்கக் காவலர் ஓர் ஒட்டுத்தாளை எடுத்து அந்த இரண்டு எழுத்தை மறைத்து ஒட்டுவார்கள். கடவுச்சீட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். தனித் தாளில் குத்திக் கொடுப்பார்கள். கடவுச்சீட்டில் குத்தினால் அதன் அட்டையில் உள்ள பெயரை ஏற்றது போலாகிவிடும் என்று அச்சம். கடலுக்குப் போகும் குடும்பம் பின் இருக்கையில் குழந்தைகளோடு காத்திருக்க, வண்டியின் முன்னும் பின்னும் ஒட்டுத்தாள் ஒட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாடுகளின் சண்டை என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரு வீட்டுக்காரருக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது.

2-ஆம் பிரிவு

*இரண்டாம் தரப்பு புதிய பெயரில் சர்வதேச அமைப்புகளில் சேர்வதை முதல் தரப்பு எதிர்க்காது.*

நேட்டோ பற்றிய வாக்கு நிறைவேறியது. 2020 மார்ச் 27-இல் வடக்கு மாசிடோனியா 30-ஆவது உறுப்பினர் ஆனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கதவு நகரவில்லை. கிரேக்கம் விலகிய இடத்தில் 2020 நவம்பரில் பல்கேரியா வந்து நின்றது. மாசிடோனிய மொழி தன் மொழியின் ஒரு வடிவமே என்பது அதன் வாதம். பெயரைக் கொடுத்துவிட்டு மொழிக்காகவும் வாசலில் நிற்பது அந்த மக்களுக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்பதை எண்ணாமல் இந்தப் பிரிவை என்னால் படிக்க முடிவதில்லை.

3, 4, 6-ஆம் பிரிவுகள்

*எல்லை நிலையானது, மீறக்கூடாதது. ஒருவர் நிலத்தை மற்றவர் கோரக் கூடாது. பகையும் இனவெறியும் தூண்டும் செயல்களைத் தடுக்க வேண்டும்.*

கிரேக்கரின் அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளுபவர்கள் இந்தப் பிரிவுகளின் பின்னணியைப் பார்ப்பதில்லை. 1912-13 பால்கன் போர்களுக்குப் பிறகு பழைய மாசிடோனிய நிலத்தைக் கிரேக்கம், செர்பியா, பல்கேரியா மூன்றும் பங்கிட்டன. பெரும்பங்கு கிரேக்கத்துக்கு, செர்பியாவின் பங்கே இன்றைய குடியரசு. அடுத்து 1946 முதல் 1949 வரை கிரேக்க உள்நாட்டுப் போர் அந்த வடக்கு மலைகளில்தான் கடுமையாக நடந்தது. அந்த நினைவோடு இருப்பவர்களுக்கு, தெசலோனிக்கியையும் உள்ளடக்கிய ‘ஒன்றுபட்ட மாசிடோனியா’ வரைபடம் எல்லைக்கு அப்பால் ஒரு சுவரில் தொங்குவது தாங்கக்கூடியதல்ல. அதே வேளையில், 1994 பிப்ரவரியிலிருந்து 1995 அக்டோபர் வரை கிரேக்கம் விதித்த தடையால் தெசலோனிக்கித் துறைமுகம் மூடப்பட்டுத் திண்டாடியதும் கடல் இல்லாத அந்தச் சிறிய நாடுதான். அச்சம் ஒரு பக்கம் இருந்தது. அடி விழுந்தது மறுபக்கம்.

7-ஆம் பிரிவு

*‘மாசிடோனியா’, ‘மாசிடோனியர்’ என்ற சொற்களை இரு தரப்பும் வெவ்வேறு வரலாற்றுச் சூழலிலும் பண்பாட்டு மரபிலும் புரிந்துகொள்கின்றன என்பதை இருவரும் ஏற்கிறார்கள். முதல் தரப்பைப் பொறுத்தவரை அவை அதன் வடபகுதியையும் அங்குள்ள மக்களையும், பண்டைக் காலம் முதல் இன்றுவரையுள்ள ஹெலனிய நாகரிகத்தையும் குறிக்கும். இரண்டாம் தரப்பைப் பொறுத்தவரை அதன் நிலம், மொழி, மக்கள் ஆகியவற்றை, அவர்களுக்கே உரிய வரலாறு, பண்பாட்டோடு குறிக்கும். அந்த மொழி தென்ஸ்லாவிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பண்டை ஹெலனிய நாகரிகத்தோடு தொடர்புடையதல்ல. இரு நாட்டுக் குடிமக்களும் இச்சொற்களை வழங்கும் வழக்கை இது மாற்றாது.*

நம் நிகண்டுகளில் ‘ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதி’ என்று ஒரு பகுதி உண்டு. ஒரு சொல்லை வைத்து அதன் பொருள்களை அடுக்கிச் செல்லும்; எந்தப் பொருள் மூத்தது, எது வந்தேறியது என்று வழக்காடாது. 7-ஆம் பிரிவு அப்படி எழுதப்பட்ட ஒரு நிகண்டு. உலகச் சட்ட ஆவணங்களில் இப்படிப்பட்ட ஒன்றை நான் வேறெங்கும் படித்ததில்லை. எல்லையைப் பிரிக்கும் ஒப்பந்தங்கள் உண்டு, ஆற்றுநீரைப் பிரிப்பவை உண்டு. இது ஒரு சொல்லின் பொருளைப் பாகப்பிரிவினை செய்கிறது. செய்த பிறகும் சொல்லை இருவர் வீட்டிலும் வைக்கிறது.

ஏன் இது தேவைப்பட்டது என்பதற்கு இரண்டு பக்கமும் உண்மையான மனிதர்கள் இருக்கிறார்கள். 1923-இல் துருக்கியோடு நடந்த மக்கள் பரிமாற்றத்தில் ஆசியா மைனரிலிருந்து துரத்தப்பட்டு வந்த லட்சக்கணக்கான கிரேக்கர்கள் வட கிரேக்கத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களின் பேரர்கள் அந்த மண்ணில் பிறந்தார்கள். ‘நான் மாசிடோனியன்’ என்று சொல்லி வளர்ந்தார்கள். அது பொய்யல்ல. மறுபக்கம், பிட்டோலா நகரத்துப் பிள்ளைக்கும் அதே சொல்தான்; அவன் பாட்டனும் அதையே சொன்னான், அவன் பள்ளியில் படிக்கும் மொழிக்கும் அதுதான் பெயர். அதுவும் பொய்யல்ல. இரண்டு உண்மைகளையும் ஒரே தாளில் எழுதி இரண்டு அரசுகளைக் கையெழுத்திட வைத்தது பெரிய காரியம். 2018 பிப்ரவரியில் ஏதென்ஸ் சின்டாக்மா சதுக்கத்தில் திரண்ட கூட்டத்தில் இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடராக்கிஸே எதிர்த்துப் பேசினார் என்பதை நினைத்தால் அதன் துணிச்சல் புரியும்.

‘பண்டை ஹெலனிய நாகரிகத்தோடு தொடர்புடையதல்ல’ என்ற தொடர் அலெக்சாண்டரைப் பற்றியது. பெயர் சொல்லவில்லை, ஆனாலும் அவரையே சுட்டுகிறது. ஒரு நாடு தன்னைப் பற்றி ‘இது எனக்கு உரியதல்ல’ என்று உடன்படிக்கையில் எழுதிக் கொடுப்பது எளிதல்ல. அதை எழுதிக் கொடுத்ததற்குக் கைம்மாறாகத்தான் ‘அவர்களுக்கே உரிய வரலாறு’ என்ற சொற்கள் கிடைத்தன. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அலெக்சாண்டரைக் கொடுத்து இந்தச் சொற்களையே வாங்கியிருப்பேன்.

ஆனால் இந்த நிகண்டில் விடுபட்டவர்கள் உண்டு. முதல் தரப்பின் வடபகுதி என்ற இடத்தில் ஹெலனிய மரபு மட்டுமே பேசப்படுகிறது. அந்த வடபகுதியில் வீட்டுக்குள் ஸ்லாவிய மொழி பேசிய கிரேக்கக் குடிமக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். 1936-இல் தொடங்கிய மெட்டாக்ஸாஸ் சர்வாதிகார ஆட்சியில் அந்த மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். உள்நாட்டுப் போரின் முடிவில் பல்லாயிரம் பேர் எல்லை தாண்டி ஓடினார்கள். அவர்களில் சிறுபிள்ளைகள் ஏராளம். போர் அகதிகள் திரும்பி வரலாம் என்று 1982-இல் கிரேக்கம் அனுமதித்தபோது, ‘கிரேக்க வம்சத்தவர்’ மட்டும் என்று நிபந்தனை இருந்தது. இவர்கள் முதல் தரப்பின் குடிகள். இவர்கள் நாவில் இருந்ததோ இரண்டாம் தரப்பின் சொல்லுக்குரிய மொழி. 7-ஆம் பிரிவின் இரண்டு வீட்டிலும் இவர்களுக்குத் திண்ணை இல்லை. கையெழுத்தான ப்சாராதெஸ், அதாவது நிவிட்சி, இப்படிப்பட்டவர்களின் ஊர்களில் ஒன்று. ஊரின் பழைய பெயரைச் சொல்லத் தெரிந்த கிழவிகளுக்கு எட்டும் தூரத்தில்தான் மேசை போடப்பட்டிருந்தது. அவர்களைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. இதைப் பேசப் புகுந்திருந்தால் உடன்படிக்கையே நடந்திருக்காது என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். இருந்தாலும் அந்த வெற்றிடத்தைக் காட்டாமல் இந்தப் பிரிவைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

8-ஆம் பிரிவு

*பண்டை ஹெலனிய வரலாற்றைச் சுட்டும் நினைவுச் சின்னங்களை இரண்டாம் தரப்பு ஆறு மாதத்துக்குள் ஆராய்ந்து திருத்தும். தன் பழைய கொடியில் இருந்த சின்னத்தை இனி எந்த வடிவிலும் பயன்படுத்தாது. வரலாறு, தொல்லியல், கல்வி பற்றிய கூட்டு வல்லுநர் குழு பாடநூல்களைப் பார்வையிடும்.*

பழைய கொடியில் இருந்தது 16 கதிர்கள் கொண்ட சூரியன். 1977 நவம்பரில், மொழியை ஏற்றதாகச் சொல்லப்படும் ஏதென்ஸ் மாநாடு முடிந்த இரண்டு மாதத்தில், தொல்லியலாளர் மனோலிஸ் அந்த்ரோனிகோஸ் வட கிரேக்கத்தின் வெர்கினாவில் ஒரு கல்லறையைத் திறந்தார். உள்ளே இருந்த பொற்பேழையின் மூடியில் அந்தச் சூரியன் இருந்தது. அலெக்சாண்டரின் தந்தை இரண்டாம் பிலிப்பின் கல்லறை அது என்றார் அந்த்ரோனிகோஸ். தோண்டி எடுத்த மண்ணின் ஈரம் காய்வதற்குள் பக்கத்து நாடு அதைக் கொடியில் ஏற்றியதாகக் கிரேக்கர் உணர்ந்தார்கள். கொடி 1995-லேயே மாறிவிட்டது. 2011-இல் ஸ்கோப்யே நடுச் சதுக்கத்தில் ‘குதிரை மேல் வீரன்’ என்ற பெயரில் எழுப்பிய மாபெரும் சிலை அங்கேயே இருக்கிறது. சிலைகளை இடிக்கவில்லை, இவை பண்டை ஹெலனிய வரலாற்றைச் சேர்ந்தவை என்று எழுதிய பலகைகள் வைக்கப்பட்டன. உடன்படிக்கைக்கு முன்பே, 2018 தொடக்கத்தில், ஸ்கோப்யே விமான நிலையத்திலிருந்து அலெக்சாண்டர் பெயரை எடுத்தார்கள். கிரேக்க எல்லைக்குப் போகும் நெடுஞ்சாலைக்கு ‘நட்பு’ என்று பெயர் வைத்தார்கள்.

20-ஆம் பிரிவும் கையெழுத்தும்

*இவ்வுடன்படிக்கை காலவரையின்றி நீடிக்கும். திரும்பப் பெற முடியாதது. 1-ஆம் பிரிவில் பெயர் பற்றிய பகுதியில் மாற்றம் செய்ய இடமில்லை.*

மாற்ற முடியாது என்று எழுதுவது ஒன்று, நாவில் வருவது ஒன்று. உடன்படிக்கை பற்றி அந்த நாட்டில் 2018 செப்டம்பர் 30-இல் நடந்த வாக்கெடுப்பில், வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ‘ஆம்’ என்றார்கள்; ஆனால் வாக்களிக்க வந்தவர்களே 37 சதவீதத்துக்குக் கிட்டத்தான். குடியரசுத் தலைவர் கியோர்கே இவானோவ் கையெழுத்திட மறுத்தார். 2019 ஜனவரி 11-இல் 120 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 81 வாக்குகளோடு அரசமைப்பு திருத்தப்பட்டது. ஜனவரி 25-இல் கிரேக்க நாடாளுமன்றம் 300-க்கு 153 வாக்குகளில் ஏற்றது. 2024 மே மாதத்தில் பதவியேற்ற குடியரசுத் தலைவர் கோர்டானா சில்யானோவ்ஸ்கா-தாவ்கோவா உறுதிமொழியில் ‘வடக்கு’ என்பதை விட்டு ‘மாசிடோனியா’ என்று மட்டும் சொன்னபோது, கிரேக்கத் தூதர் எழுந்து வெளியேறினார். சட்டப்படி தூதர் சரி என்றே சொல்வேன்: 1-ஆம் பிரிவு அரசுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. 7-ஆம் பிரிவு குடிமக்களுக்குத் தந்திருக்கும் சலுகை அது. தலைவர் அன்று எந்த இடத்தில் நின்று பேசினார் என்பதில்தான் வழக்கு.

உடன்படிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கடைசிப் பக்கத்தில் முதல் தரப்புக்காக நிகோஸ் கொட்சியாஸ், இரண்டாம் தரப்புக்காக நிகோலா டிமித்ரோவ், சாட்சியாக ஐ.நா.வின் மத்யூ நிமெட்ஸ். நிமெட்ஸுக்கு அன்று 79-ஆவது பிறந்தநாள். 1994-இலிருந்து அவர் இந்த ஒரு பெயரோடு வாழ்ந்தவர். கையெழுத்து முடிந்ததும் இரு பிரதமர்களும் படகேறி ஏரியைக் கடந்து மறுகரையில் ஓட்டெஷெவோவுக்குச் சாப்பிடப் போனார்கள். கழுத்துப்பட்டி அணியாத பழக்கமுள்ள கிரேக்கப் பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸுக்கு ஸாயெவ் தன் கழுத்துப்பட்டியைக் கழற்றிக் கொடுத்தார்.

கையெழுத்துப் பக்கத்திலும் அந்த நாடு இரண்டாம் தரப்புதான். எட்டு மாதம் அப்படியே இருந்தது. 2019 பிப்ரவரி 12-இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. மறுநாள் தொழிலாளர்கள் போகோரோதிட்சா எல்லைச் சாவடிக்கு வந்து பழைய பலகையை எடுத்துவிட்டு, வடக்கு மாசிடோனியா குடியரசு என்று எழுதிய புதிய எழுத்துகளைச் சாலைக்கு மேலே பொருத்தினார்கள்.